ஒரு ராத்திரியைக் கொசுவலைக்குள் ஓட்டுவது எப்படி: தூக்கத் தரவிலிருந்து டிஜிட்டல் கலை, முழுமையான வழிகாட்டி

குடியாத்தத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். போன வைகாசியில் அங்கே பாரதக் கூத்து நடந்தது. அர்ச்சுனன் தபசு ராத்திரி. பத்தரை மணிக்கு ஒரு திண்ணைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவன், விடியற்காலையில் தபசு மரம் ஏறுகிறவரை அசையவில்லை. முகவீணை அலறுகிற இடத்தில் யாருக்குத் தூக்கம் வரும்? கட்டியக்காரன் அடித்த நக்கல் ஒவ்வொன்றும் இன்னும் நினைவிருக்கிறது. காலையில் போனை எடுத்துப் பார்த்தால், கையில் கட்டியிருந்த, தூக்கத்தை அளக்கும் பேண்டு சொல்கிறது: லேசான தூக்கம், 2 மணி 40 நிமிடம்.

அந்தப் பொய்யில் தொடங்கியதுதான் இந்த வேலை. பேண்டு தருவதை அப்படியே நம்பி அழகான படமாக்குவது ஒரு வழி. பேண்டு எங்கே தடுமாறியது, நமக்கு என்ன தெரியும் என்பதையும் சேர்த்து நெய்வது இன்னொரு வழி. நான் இரண்டாவதைத்தான் சொல்லப்போகிறேன். கடைசியில் கிடைப்பது: ஒரு அறை, ஒரு கொசுவலை, ஒரு புரொஜெக்டர், உள்ளே ஒரு பாய். படுத்துக்கொண்டால் உங்களுடைய ஒரு முழு ராத்திரி எட்டு நிமிடத்தில் உங்களைச் சுற்றி ஓடும்.

பேண்டு எதைப் பார்க்கிறது

ஆஸ்பத்திரித் தூக்க ஆய்வகத்தில் தலையில் மின்முனைகள் ஒட்டி மூளை அலையையும், கண்ணோரம் ஒட்டிக் கண் அசைவையும், தாடையில் ஒட்டித் தசை இறுக்கத்தையும் பதிவு செய்வார்கள். பிறகு அந்தப் பதிவை 30 நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிலை எழுதுவார்கள். ஏன் 30 நொடி? அந்தக் காலத்துக் கருவியில் காகிதம் நொடிக்கு 10 மில்லிமீட்டர் ஓடும். ஒரு பக்கம் 30 சென்டிமீட்டர். பக்கத்துக்கு ஒரு நிலை. காகிதம் போய்விட்டது, அதன் அளவு மட்டும் இன்னும் இருக்கிறது. இந்த 30 நொடிதான் நம் நெசவுக்கும் நூல்.

நிலைகள் நான்கு: விழிப்பு, லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், ரெம். மருத்துவர்கள் லேசானதையே இரண்டாகப் பிரிப்பார்கள். நமக்கு நான்கு போதும். மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக ஓடும் ரெம் தூக்கத்தை 1953இல் சிகாகோவில் அசரின்ஸ்கி, கிளைட்மேன் என்ற ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டார்கள். அப்போது கனவு வரும், ஆனால் கைகால் தசைகள் செயலற்றுக் கிடக்கும். லேசானதில் தொடங்கி, ஆழ்ந்து, ரெம்மில் முடிகிற ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 90 நிமிடம். ஆழ்ந்த தூக்கம் ராத்திரியின் முன்பகுதியில் அதிகம். ரெம் விடியலை நோக்கி நீளும்.

உங்கள் கையிலுள்ள பேண்டுக்கு மூளையும் தெரியாது, கண்ணும் தெரியாது. அசைவை அளக்கும் ஒரு சில்லும், தோலுக்கடியில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் பச்சை விளக்கும்தான் அதன் புலன்கள். அசையாமல் இருக்கிறான், நாடி நிதானமாக ஓடுகிறது, ராத்திரி நேரம். சரி, தூங்குகிறான் என்று எழுதிக்கொள்கிறது. கூத்து பார்க்கிறவனும் சுவரில் சாய்ந்தபடி அப்படித்தானே இருக்கிறான்.

படி 1: பதினான்கு ராத்திரி சேருங்கள்

ஒரு ராத்திரி போதாது. இரண்டு வாரமாவது வேண்டும், அப்போதுதான் உங்களுக்கு எது வழக்கம், எது விலகல் என்று கண்ணுக்குத் தெரியும்.

பேண்டைவிட முக்கியமானது தலைமாட்டில் ஒரு நோட்டும் பென்சிலும். காலையில் எழுந்தவுடன், போனைத் தொடுவதற்கு முன்பே, மூன்று வரி எழுதுங்கள்: எப்போது படுத்தேன், எப்போதெல்லாம் விழித்தேன், ராத்திரி என்ன நடந்தது. போனைப் பார்த்துவிட்டு எழுதினால் பேண்டு சொன்னதையே உங்கள் ஞாபகமும் ஒப்பிக்கும். இன்னொரு காரணமும் உண்டு. ஆப் தரும் தூக்க மதிப்பெண்ணுக்காகத் தூங்கப் போய், அந்தக் கவலையிலேயே தூக்கம் கெடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆய்வாளர்கள் 2017இல் இதற்கு ஆர்த்தோசோம்னியா என்று பெயரே வைத்துவிட்டார்கள். நமக்கு வேண்டியது நல்ல தூக்கம் அல்ல, நேர்மையான பதிவு.

என் நோட்டில் இருந்து சில வரிகள்: "2.10க்குக் கரண்ட் போச்சு. ஃபேன் நின்னதும் முழிப்பு. 2.50க்கு வந்துச்சு." "ராத்திரி ஒன்பதரைக்கு ஆம்பூர் பிரியாணி, கத்தரிக்காய் ரெண்டு தடவை." "காட்பாடிப் பக்கம் ரயில் ஊதல், மணி பார்க்கல." பிரியாணி ராத்திரியில் என் நாடி ஒரு மணி தாண்டியும் கீழே இறங்கவே இல்லை. எதனால் என்று பேண்டுக்குத் தெரியாது, நோட்டுக்குத் தெரியும்.

முடிந்தால் அறை வெப்பத்தையும் பதியுங்கள். வெப்பம் அளக்கும் டிஎச்டி22 சென்சாரை ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் போர்டில் இணைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதவைத்தால் போதும். அரை டிகிரி முன்பின் இருந்தாலும் நம் வேலைக்குப் பரவாயில்லை. வேலூரில் கத்திரி வெயிலின்போது இதைச் செய்யாமல் விடுவது பாவம். பகல் முழுக்கக் காய்ந்த தளம் ராத்திரி ஒரு மணி வரை கீழே அனல் இறக்குவதை எண்ணாகப் பார்ப்பதில் ஒரு அற்ப சந்தோஷம் இருக்கிறது.

பேண்டு இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. போனை மெத்தையில் வைத்தால் அசைவை அளக்கும் ஆப்கள் உண்டு. அவை ஸ்பிரிங் மெத்தைக்காரர்களுக்கு. சிமெண்ட் தரையில் பாய் விரித்துப் படுக்கிறவர் உருண்டு புரண்டாலும் பக்கத்திலிருக்கும் போனுக்கு ஒன்றும் எட்டாது. அதற்குப் பதில் நோட்டை மட்டும் வைத்தே செய்யலாம். படம் எளிமையாக வரும், பொய் குறைவாக இருக்கும்.

படி 2: ஃபைலை வெளியே எடுங்கள்

ஆப்பிள் வாட்ச் என்றால் ஐபோனின் ஹெல்த் ஆப்பில் உங்கள் படத்தைத் தொட்டு, எல்லாத் தரவையும் ஏற்றுமதி செய்யச் சொல்லுங்கள். ஒரு ஜிப் வரும். உள்ளே எக்ஸ்எம்எல் ஃபைல். வருடக்கணக்கான நடை, நாடி எல்லாம் அதிலேயே இருப்பதால் எக்செலில் திறந்தால் லேப்டாப் திணறும். ஒரு சிறு பைத்தான் நிரல் எழுதித் தூக்கத்தையும் நாடியையும் மட்டும் பிரித்தெடுங்கள். அதில் உங்கள் பிறந்த தேதியும், நீங்கள் ஓடிய வழித்தடங்களும்கூட இருக்கும். அந்த ஜிப்பை அப்படியே எந்த இணையதளத்திலும் ஏற்றிவிடாதீர்கள்.

ஃபிட்பிட் என்றால் கூகுள் டேக்அவுட் வழியாக ஜேசன் ஃபைல்கள் வரும். ஒவ்வொரு நிலையும் எப்போது தொடங்கியது, எத்தனை நொடி நீடித்தது என்று தெளிவாக இருக்கும். இருப்பதில் எளிது இதுதான். மலிவு பேண்டுகள் பலவற்றில் ஏற்றுமதியே கிடையாது, ஆப்பில் படம் மட்டும்தான் தெரியும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நிலை மாறும் நேரங்களைக் கையால் தட்டச்சு செய்யுங்கள். ராத்திரிக்கு இருபது முப்பது வரி. ஒரு டீ குடிக்கிற நேரம்.

படி 3: ஒரே அட்டவணை

எல்லாவற்றையும் ஐந்து பத்திகள் கொண்ட ஒரு அட்டவணைக்குள் கொண்டுவாருங்கள்: நேரம், நிலை, நாடி, வெப்பம், குறிப்பு. ஒரு வரிக்கு 30 நொடி. எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 960 வரி. சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை ஃபைல்) சேமியுங்கள்.

இங்கே இரண்டு குழிகள். இரண்டிலும் நான் விழுந்திருக்கிறேன்.

முதல் முறை பார்த்தபோது நான் தினமும் சாயங்காலம் 5.40க்குத் தூங்கப் போவதாக இருந்தது. வேலையிலிருந்து வீட்டுக்கே வராத நேரம்! பேண்டு கெட்டுவிட்டது என்று ஒருநாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது: அந்த ஃபைல் உலகப் பொது நேரத்தில் எழுதப்பட்டது. ஐந்தரை மணி நேரம் கூட்டினால் 11.10, சரியாக நான் படுத்த நேரம். ஃபைலில் நேரத்துக்குப் பின்னால் +0530 என்று இருந்தால் கூட்டவேண்டாம், அது ஏற்கெனவே நம் நேரம்.

இரண்டாவது நள்ளிரவு. தூக்கம் ஒரு தேதியில் தொடங்கி இன்னொரு தேதியில் முடிகிறது. தேதிவாரியாகப் பிரித்தால் ஒவ்வொரு ராத்திரியும் இரண்டு துண்டாகும். எல்லா நேரத்திலிருந்தும் 12 மணி நேரம் கழித்து, வரும் தேதியை அந்த ராத்திரியின் பெயராக வையுங்கள். மத்தியானத்திலிருந்து மத்தியானம் வரை ஒரு நாள். அவ்வளவுதான்.

குறிப்புப் பத்தியில் நோட்டில் உள்ளதை ஏற்றுங்கள். பேண்டு தூக்கம் என்று எழுதி, நோட்டு விழிப்பு என்று எழுதிய வரிகளில் நிலையைத் திருத்தாதீர்கள். குறிப்பில் "முரண்" என்று மட்டும் போடுங்கள். இந்தச் சொல்லுக்குப் பின்னால் வேலை இருக்கிறது.

படி 4: கம்ப்யூட்டரைத் திறக்காமல் ஒரு கைலி வரையுங்கள்

ஒரு கிராஃப் தாள், நாலு வண்ணப் பென்சில். இடமிருந்து வலமாக ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஒன்பது வரை, பத்து நிமிடத்துக்கு ஒரு கட்டம்: 72 கட்டம். மேலிருந்து கீழாக ராத்திரிகள், ஆளுக்கொரு வரிசை. கட்டங்களை நிரப்பிக்கொண்டே போங்கள்.

இதைத் தாண்டிப் போகலாமா என்று கேட்காதீர்கள், கூடாது. என் நைனா முப்பது வருஷம் குழித்தறியில் கைலி நெய்தவர். நான் வரைந்து வைத்த தாளை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல பாவு எது, ஊடை எது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் வெறும் கட்டத்தை நிரப்பியிருந்தேன்.

தறியில் பாவு முதலிலேயே நீளவாக்கில் இழுத்துக் கட்டப்பட்டுவிடும், அது மாறாது. நாடா குறுக்கே போய்ப் போய் வருகிறதே, அந்த ஊடையில்தான் நிறம் மாறும். யோசித்தால் என் ராத்திரிகளும் அப்படித்தான். எல்லா ராத்திரிக்கும் பொதுவானது பாவு: கடிகாரம், தெருவிளக்கு, தளத்தின் சூடு, ரயில். ராத்திரிக்கு ராத்திரி மாறுவது ஊடை: தூக்கம், நாடி. இந்த ஒரு கேள்விதான் என் படத்தின் இரண்டு அடுக்குகளைப் பிரித்துக் கொடுத்தது. நைனா அதற்குள் தாளை வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

படி 5: எது எதுவாக மாறும்

இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். தரவைக் கொடுத்தால் உடனே ஊதா நிறத்தில் துகள்கள் பறக்கிற அண்டவெளி ஒன்று வரும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 960 வரிகளை எடுத்துவிட்டுக் குருட்டாம்போக்கில் எண்களைப் போட்டாலும் அதே அண்டவெளிதான் பறக்கும். அது ஸ்கிரீன்சேவர். ஒரு வரி மாறினால் படத்தில் ஏதோ ஒன்று மாறவேண்டும், அது பார்க்கிறவருக்குத் தெரியவேண்டும்.

நான் செய்ததைச் சொல்கிறேன். நீங்கள் வேறு மாதிரி செய்யலாம்.

பாவு: மேலிருந்து கீழாக மெல்லிய நூல்கள், நூலுக்கு ஒரு பத்து நிமிடம். அறை வெப்பம் இவற்றின் நிறம். 26 டிகிரியில் சாம்பல், 34இல் செங்கல். ஓடும் நேரம் முழுக்க இவை அசையாது.

ஊடை நிலைக்கு நிலை மாறும். லேசான தூக்கத்துக்குக் கைலி நீலம். பெரியவர்கள் தூக்கத்தில் ஏறத்தாழப் பாதி இதுதான் என்பதால் கண்ணை உறுத்தாத நிறமாக இருக்கவேண்டும். முதலில் மஞ்சள் வைத்துவிட்டு இரண்டாவது நிமிடத்திலேயே வெறுத்துப்போனேன். ஆழ்ந்த தூக்கத்தில் மூளையில் நொடிக்கு ஒன்று இரண்டு என்ற கணக்கில் பெரிய மெதுவான அலைகள் எழும். அதனால் அப்போது ஊடை முழுவதும் கோட்டை அகழித் தண்ணீர் மாதிரி ஒன்றாக ஏறி இறங்கும். ரெம்மில் நேர் எதிர்: உடம்பு கிடப்பதுபோல் துணி முழுக்க உறைந்து நிற்கும், இரண்டே இரண்டு புள்ளிகள் மட்டும் அங்குமிங்கும் துள்ளும். அது கண். இதை நான் விளக்காமலே பார்த்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

விழிப்புக்கு எல்லோரும் சிவப்பு வைப்பார்கள். நான் ஒன்றுமே வைக்கவில்லை. ஊடை இல்லாத இடம், வெறும் பாவு. கரண்ட் போன நாற்பது நிமிடமும் துணியில் கிழிசலாகத் தெரியும்.

"முரண்" என்று போட்ட வரிகளுக்குச் சாயம் ஏற்றாத நூல், அதுவும் விட்டுவிட்டு. பேண்டு தூக்கம் என்கிறது, நான் இல்லை என்கிறேன்; துணி இரண்டு பேர் பேச்சையும் வைத்துக்கொள்ளட்டும். கூத்து ராத்திரி என் படங்களிலேயே வெளிறியது, எனக்குப் பிடித்ததும் அதுதான்.

நாடி, நூல்களுக்கு இடையேயான நெருக்கம். இதற்கு ஒரு சின்னக் கணக்கு வேண்டும். உங்கள் பதினான்கு ராத்திரியில் நாடி ஆகக் குறைந்தது 52, ஆக அதிகம் 78 என்று வையுங்கள். எந்த எண்ணையும் 0க்கும் 1க்கும் இடையில் கொண்டுவர, அதிலிருந்து 52ஐக் கழித்து 26ஆல் வகுங்கள். நாடி 60 என்றால் 8ஐ 26ஆல் வகுக்க 0.31. நூல் இடைவெளி 12 பிக்சலிலிருந்து 3 பிக்சல் வரை என்றால், 0.31க்கு ஏறத்தாழ 9 பிக்சல். உங்கள் எல்லைகளை உங்கள் தரவிலிருந்தே எடுங்கள். இணையத்தில் கண்ட சராசரியைப் போட்டால் எல்லா ராத்திரியும் ஒரே சீராகத் தெரியும்.

சோதனை ஒன்று: மூன்று ராத்திரிகளை ஓடவிட்டு, அதில் பிரியாணி எது, கரண்ட் கட் எது, கூத்து எது என்று வீட்டில் ஒருவரிடம் கேளுங்கள். என் தங்கை இரண்டைச் சரியாகச் சொன்னாள். பிரியாணியைக் கூத்து என்றாள், அதனால் நெருக்கத்தின் எல்லையை இன்னும் கூட்டினேன்.

படி 6: ஓடவைப்பது

எட்டு மணி நேரத்தை எட்டு நிமிடமாக்குங்கள். ஒரு நிமிடம் ஒரு நொடியாகும், 90 நிமிடச் சுற்று ஒன்றரை நிமிடமாகும், ஒரு வரிக்கு அரை நொடி. கணக்கு மனதிலேயே போடலாம் என்பது மட்டுமல்ல, அடுத்த படியில் வரும் சத்தத்துக்கும் இந்த அறுபது மடங்குதான் சாவி.

நிரல் எழுதத் தெரிந்தவர்கள் பி5 ஜேஎஸ் என்ற, படம் வரைய உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இலவசம், பிரவுசரிலேயே ஓடும். சிஎஸ்வியை அட்டவணையாக ஏற்றி, ஓடத் தொடங்கி எத்தனை மில்லிநொடி ஆயிற்று என்பதை 500ஆல் வகுத்தால் இப்போது எந்த வரி என்று கிடைக்கும். சட்டக (ஃப்ரேம்) எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மே மாதத்தில் லேப்டாப் சூடேறினால் சட்டகம் குறையும், படம் பின்தங்கும், சத்தம் முன்னால் ஓடும். நான் முதலில் அப்படித்தான் செய்திருந்தேன். ஆறாவது நிமிடத்தில் படத்தில் இன்னும் ராத்திரி, சத்தத்தில் விடிந்துவிட்டது.

நிலை மாறும்போது படம் வெட்டென்று தாவக்கூடாது. லெர்ப் என்ற கட்டளையைக் கொண்டு ஒவ்வொரு சட்டகத்திலும் புதிய மதிப்பை நோக்கி நூற்றில் இரண்டு பங்கு மட்டும் நகருங்கள். நொடிக்கு 30 சட்டகம் ஓடினால், ஒரு நொடிக்குச் சற்று மேல் ஆகும்போது பாதி தூரம் போயிருக்கும். தூக்கம் இறங்குகிற நிதானம் அதில் தானாக வரும். நீர் அலைக்கு நாய்ஸ் கட்டளை. கென் பெர்லின் 1980களில் உண்டாக்கிய முறை அது, 1997இல் அதற்குத் தொழில்நுட்ப ஆஸ்கரும் கிடைத்தது. வெறும் குருட்டு எண்கள் நூலை நடுங்கவைக்கும், இது அசையவைக்கும்.

நிரல் பக்கமே போகாதவர்களுக்கு டச்டிசைனர், கட்டங்களை இணைத்தே படம் ஓட்டும் மென்பொருள். அட்டவணையை ஒரு டேட்டில் (எழுத்துத் தரவு வைக்கும் கட்டம்) ஏற்றி, டேட் டு சாப் வழியாக எண்களாக்கி (சாப் என்பது எண் ஓட்டம் வைக்கும் கட்டம்), ஒரு லேக் சாப்பில் விட்டால் லெர்ப் செய்கிற வேலையை அது செய்துவிடும். இலவசப் பதிப்பில் படம் 1280க்கு 1280 பிக்சலைத் தாண்டாது. கொசுவலைக்கு அதுவே அதிகம்.

ஒரு எச்சரிக்கை. லேசான தூக்கத்தில் மூளையில் நொடிக்கு 11 முதல் 16 முறை துடிக்கும் சிறு அலைக்கொத்துகள் வரும். இதைப் படித்துவிட்டுத் திரை முழுவதையும் அதே வேகத்தில் மின்னவைக்கலாம் என்று எனக்கும் ஒரு ஆசை வந்தது. கூடாது. பெரிய பரப்பில் நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னினால் சிலருக்கு வலிப்பு வரலாம். வேண்டுமானால் ஒற்றை ஜரிகை நூலை மட்டும் லேசாக அதிரவிடுங்கள்.

படி 7: சத்தம்

நாடி நிமிடத்துக்கு 55 என்றால், அறுபது மடங்கு வேகத்தில் அது நொடிக்கு 55. நொடிக்கு 55 அதிர்வு என்பது தனித்தனித் துடிப்பாகக் கேட்காது, ஒரே சுருதியாகக் கேட்கும். அதாவது பத்தியில் உள்ள நாடி எண்ணை அப்படியே எடுத்து அதிர்வெண்ணாகப் போட்டால் போதும், எந்த மாற்றமும் வேண்டாம். நாடி இறங்க இறங்கச் சுருதி இறங்கும். இதைக் கண்டுபிடித்த ராத்திரி நான் தூங்கவில்லை; அந்த விழிப்பையும் பேண்டு லேசான தூக்கம் என்றுதான் எழுதியிருக்கும்.

சிக்கல் என்னவென்றால், 55 அதிர்வை லேப்டாப் ஸ்பீக்கர் வாசிக்காது. சப்வூஃபர் இருந்தால் நல்லது. பாய்க்குப் பக்கத்தில் தரையில் வைத்தால் முதுகில் உணரலாம். இல்லையென்றால் இரண்டு, மூன்று, நான்கு மடங்கில், அதாவது 110, 165, 220 அதிர்வுகளைச் சேர்த்து ஒலிக்கவிடுங்கள். காது அடிச் சுருதியைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

மூளை அலையே வேண்டும் என்பவர்களுக்கு ஃபிசியோநெட் தளத்தில் ஸ்லீப் ஈடிஎஃப் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. முழு ராத்திரிப் பதிவுகள், மூளை அலை நொடிக்கு 100 அளவீடு. பைத்தானில் எம்என்ஈ நூலகம் கொண்டு திறந்து, நொடிக்கு 6000 அளவீடு என்று சொல்லி வேவ் ஃபைலாக எழுதினால் அதே அறுபது மடங்கு. ஆழ்ந்த தூக்கத்தின் மெதுவான அலை 60 அதிர்வில் உறுமும். 13 அதிர்வுக் கொத்து 780இல் சீழ்க்கையடிக்கும். 1965இல் இசையமைப்பாளர் ஆல்வின் லூசியே தலையில் மின்முனையோடு மேடையில் அமர்ந்து, காதுக்கு எட்டாத தன் மூளை அலைகளால் தாளக் கருவிகளை அதிரவைத்தார். நமக்கு வேகத்தைக் கூட்டினாலே போதும். ஆனால் அது வேறொருவரின் மூளை. உங்கள் நாடியோடு கலந்தால், மூலத்தைக் குறிப்பிட்டு, அது உங்களுடையது அல்ல என்றும் எழுதி வையுங்கள்.

படி 8: கொசுவலை கட்டுவது

நாலு மூலையிலும் கயிறு கட்டும் பழைய வெள்ளைக் கொசுவலைதான் நல்லது. கூடாரம் மாதிரி விரிகிற புதுசு வேண்டாம், கம்பிகள் நிழல் விழும். வலை படத்தில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். விட்டது எதிர்ப்பக்க வலையிலும், அதையும் தாண்டிச் சுவரிலும் விழும். ஒரே புரொஜெக்டரில் மூன்று துணி. பின்னணி முழுக் கருப்பாக இருக்கட்டும். அப்போது ஊடை மட்டும் காற்றில் தொங்கும்.

புரொஜெக்டர், படுத்திருப்பவரின் தலைக்குப் பின்னால், உயரத்தில் இருக்கவேண்டும். கால் பக்கத்தில் வைத்தால் விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கும். அதன் விவரத்தாளில் த்ரோ விகிதம் என்று ஒரு எண் இருக்கும். தூரத்தை அதனால் வகுத்தால் படத்தின் அகலம். 3 மீட்டர் தூரம், விகிதம் 1.2 என்றால் 2.5 மீட்டர் அகலம், ஒரு இரட்டைக் கட்டில் வலைக்குச் சரியாக இருக்கும்.

இருட்டு பெரிய பாடு. ஜவ்வாது மலைக் காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருப்பதே அங்கே இருட்டு இருப்பதால்தான்; வேலூர் சத்துவாச்சாரியில் என் சன்னலுக்கு வெளியே தெருவிளக்கு. கருப்புச் சார்ட் பேப்பரை ஒட்டினேன். அறையை மூடினால் வேகும், ஆகவே மார்கழி, தை பார்த்து வையுங்கள். ஃபேனை ஒன்றில் வையுங்கள். வலை லேசாக அசையும்போது நீர் அலை இன்னும் நம்பும்படி இருக்கும். பல்பு வகைப் புரொஜெக்டர் கரண்ட் கட்டில் ஆறாமல் அணைந்தால் பல்பு சீக்கிரம் போகும். இன்வெர்ட்டரில் போடுங்கள், அல்லது எல்இடி வாங்குங்கள். வலையில் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊர்க் கொசுவுக்குக் கலை தெரியாது.

படி 9: யாருக்குக் காட்டலாம்

நீங்கள் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தீர்கள், எந்த ராத்திரி சண்டை, எப்போது காய்ச்சல், எல்லாம் அந்தத் துணியில் இருக்கும். தேதிகளை எடுத்துவிட்டு "முதல் ராத்திரி, ஏழாம் ராத்திரி" என்றுகூடப் போடாதீர்கள், வேறு அர்த்தம் வரும். வெறும் எண் போதும்.

அம்மாவுக்கும் மூன்று ராத்திரி பேண்டு கட்டினேன். தினமும் மூன்று மணிக்கு விழித்து அப்படியே படுத்திருக்கிறாள் என்று நோட்டில் சொன்னாள். பேண்டு அதைத் தூக்கம் என்றது. "அது இன்னாத்துக்கு ஊருக்கெல்லாம்?" என்றாள். அந்த மூன்றையும் அழித்துவிட்டேன். வீட்டுக்காரர்கள் தரவுக்கு அவர்கள் சொல்வதுதான் சட்டம். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறி எழுகிறவராக யாராவது இருந்தால் படம் போடுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். வேலூரில் இருந்துகொண்டு எங்கே போவது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

கடைசியாகப் படம் முடிகிற இடம். முதல் தடவை நான் அதை யோசிக்கவே இல்லை. 960ஆவது வரியோடு படமும் சத்தமும் சட்டென்று நின்றன. அம்மா உள்ளே படுத்து மூன்றாவது நிமிடமே நன்றாகத் தூங்கிப் போயிருந்தாள். அந்த நிசப்தத்தில் தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"இன்னாடா, கரண்ட் போயிடுச்சா?"

இப்போது கடைசி 40 நொடியில் சுருதி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறது.